பதின்மூன்றாவது அடி

பாட்டு வந்துவிட்டது என்று நிஜாம் போனில் சொன்னபோது மாரீஸ்வரன் பாதி முகம்தான் மழித்திருந்தான். மீதிப் பாதியில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்க, வீட்டுக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்தான்.

"ஏட்டி, வந்துருச்சு! ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் வெளிய விட்டுருக்காக. இன்னைக்கு வன்னியம்பட்டிப் பொங்கலுக்கு மைக் செட்டு கட்டுனதும் பெரிய ஸ்பீக்கர்ல போடுதேங்கான் நிஜாம். ஊரே கேக்கட்டும்!"

அவன் பெண்டாட்டி அழகுத்தாய் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. ஆறு வருஷமாக அவள் வாயைத் திறந்து சொல்லாத உண்மையை இன்றைக்கு அந்தப் பாட்டே சொல்லிவிடும். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

என்ன உண்மை என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாரீஸ்வரன் நையாண்டி மேளத்தில் தவில் அடிக்கிறவன். வீடு ராஜபாளையத்தில் என்றாலும் பிழைப்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில்தான். சுந்தரபாண்டியம், வ. புதுப்பட்டி என்று எந்த ஊரில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாலும் அவன் செட்டுக்குத்தான் வெற்றிலை பாக்கு வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு கித்தார் கோஷ்டி சென்னைக்கு வந்தது. ஃபிளமெங்கோ என்று அவர்கள் ஊர்ப் பாட்டு. அதோடு போகிற நாட்டு மேளதாளத்தையெல்லாம் சேர்த்துக் கலந்து அடிப்பார்களாம். நம் பக்கத்துத் தவில் ஒன்று வேண்டும் என்று அவர்கள் தேட, யாரோ மாரீஸ்வரனைக் கை காட்டிவிட்டார்கள். தெருவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

ஆனால் அந்தத் தாளம் லேசுப்பட்டதில்லை. மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். அடிக்க உட்கார்ந்தால் கை அதன் போக்கில் வேறு எங்கேயோ போகும். போனில் அனுப்பியிருந்த மாதிரியை வைத்துக்கொண்டு மாரீஸ்வரன் நாலு நாள் முட்டிமோதினான். ஐந்தாம் நாள் அழகுத்தாய்தான் எதிரே வந்து உட்கார்ந்து கை தட்டினாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் அவளுக்கு வேலை. பத்து மணி நேரம் தறிச் சத்தத்துக்குள் நிற்கிறவளுக்கு எண்ணிக்கை என்பது மூச்சு மாதிரி, தானாக ஓடும். ஒரு மாசம், வேலை முடிந்து வந்து, வீங்கின காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, அவனுக்காகக் கை தட்டினாள். அவன் தவறும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் தவறினான். மூணை ரெண்டு தடவை போட்டுவிட்டு அடுத்து ரெண்டு போட வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் மறுபடியும் மூணாகப் போட்டுவிடுவான். பன்னிரண்டு பதின்மூன்றாகிவிடும். "அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று அவள் சொல்லாத நாளில்லை.

கச்சேரிக்கு அவளையும் கூட்டிப்போனான். பொதிகை ரயிலில் உட்கார்ந்துகொண்டே ராத்திரிப் பயணம். மூன்றாவது வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். மேடையில் கித்தார்க்காரர் ஒருவர், மரப்பெட்டி மேலேயே உட்கார்ந்து அதைத் தட்டுகிறவர் ஒருவர், தொண்டை கிழியப் பாடுகிற ஒரு கிழவர், தரை அதிர ஆடுகிற ஒரு பெண். கை தட்டுவதற்கென்றே இரண்டு பேர் தனியாக நின்றார்கள். அவர்களைப் பார்த்து அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாசமாக நான் செய்த வேலைக்கு இங்கே சம்பளமும் மேடையும் கொடுக்கிறார்களே என்று.

மாரீஸ்வரன் தனியாக அடித்த அந்தப் பதினோரு நிமிஷமும் அவள் மடிக்குள் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் ராஜா மாதிரி அடித்தான். பொய் சொல்லக் கூடாது, அப்படி அவன் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. கடைசி நிமிஷத்தில், மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறும்போது, அதே இடத்தில் மூணாகப் போட்டான். பதின்மூன்றாவது அடி விழுந்தது. கை தட்டுகிறவர்களின் தட்டு ஒன்றோடொன்று மோதியது. கித்தார்க்காரர் சட்டென்று திரும்பினார். மாரீஸ்வரன் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். விளக்கு கண்ணில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அழகுத்தாய் யோசிக்கவில்லை. குலவை போட்டாள்.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மன் முன்னால் பெண்கள் குலவை போட்டுவிட்டால் மேளக்காரனுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அதுவரை அடித்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாமி அழைக்கிற அடியைப் புதிதாகத் தொடங்கலாம். தொடங்கவும் வேண்டும். மேளம் எங்கேயாவது தட்டுத் தடுமாறினால், கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒரு பெண் குலவையைத் தூக்கிவிடுவாள். அம்மன் வந்துவிட்டாள் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தடுமாற்றம் அந்தச் சத்தத்தில் மூடிப்போகும். மேளக்காரன் வீட்டுப் பெண்களுக்கு இது சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

அந்த அரங்கத்தில் குலவை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, சத்தம் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. பாடுகிற கிழவர் "ஓலே!" என்று சபாஷ் போடுகிற மாதிரி கத்தினார். மாரீஸ்வரன் சாமி அடிக்குத் தாவினான். மொத்தச் சனமும் எழுந்து நின்று கை தட்டியது.

அதற்குப் பிறகு அவர்கள் அவனைக் கூப்பிடவே இல்லை. வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதும் காற்றோடு போயிற்று. ஊருக்கு வந்த முதல் வாரம் மாரீஸ்வரன் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் டீக்கடையில் யாரோ, "என்னண்ணே, ஏரோப்பிளேன் எப்ப?" என்று கேட்டதற்கு, "எங்க போக? எம் பொண்டாட்டி நடுவுல கொலவையப் போட்டுத் தாளத்தக் கெடுத்துட்டாளே. பட்டிக்காட்டுக் கூட்டமான்னு அவிய மொகத்தச் சுளிச்சிட்டாக" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ருசித்துப்போயிற்று. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னான். ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு பெயரே விழுந்துவிட்டது. தாளத்தைக் கெடுத்த கொலவைக்காரி.

அவள் மறுத்துப் பேசவில்லை. மேளக்காரன் எண்ணிக்கை தவறினான் என்று அவன் பெண்டாட்டியே சொன்னால் நாளைக்கு எந்த ஊர்க்காரன் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நிற்பான்? வாயை மூடிக்கொண்டாள். கொடுமை என்னவென்றால், அதற்குப் பிறகும் அவனுக்கு அந்த ஓர் அடி கூடிக்கொண்டுதான் இருந்தது. தோள்பட்டை வலி வேறு சேர்ந்துகொண்டது. எந்த ஊர்க் கோயிலிலும் மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறும் இடம் வந்தால் அவளுக்குக் காது தானாக விறைக்கும். அவன் தடுமாறுவான், அவள் குலவையைத் தூக்குவாள், அம்மன் வருவாள். வீட்டுக்கு வந்ததும் அவன், "இன்னைக்கும் நடுவுல பூந்து கத்திட்ட" என்பான்.

இந்த மனுஷன் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நம்புகிறவனோடு என்ன சண்டை போடுவது? அதனால்தான் அந்தக் கச்சேரியைப் பதிந்த இந்த ஆல்பத்துக்கு அவள் இவ்வளவு காத்திருந்தாள். பதிவு பொய் சொல்லாது. பதின்மூன்றாவது அடி முதலில் விழும், குலவை பிறகு வரும். எது முன்னால், எது பின்னால் என்று காதுள்ளவன் கேட்டுக்கொள்ளட்டும். கேட்ட பிறகு அவன் தலை குனிந்தால் என்ன சொல்வது என்பதுகூட அவளிடம் தயாராக இருந்தது. "விடுங்க, எம்புட்டுப் பெரிய ஆளுக்கும் கை தவறும்." அவ்வளவுதான் சொல்லுவாள். குத்திக்காட்ட மாட்டாள்.

வன்னியம்பட்டிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. கோயில் முன்னால் பந்தல் போட்டு, நிஜாம் ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் வைத்திருக்கிறவன் அவன். விழாக் கமிட்டித் தலைவர் சோணைமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரன் செட்டில் பம்பை அடிக்கிற வேல்பாண்டியும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் சுற்றி நின்றார்கள். மாரீஸ்வரன் காலையிலேயே எல்லோருக்கும் போன் போட்டிருந்தான். பெண்கள் பக்கம் நவதானியம் முளைத்த முளைப்பாரிச் சட்டிக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்த காளீஸ்வரி, "மதினி, இங்கன வந்து உக்காருங்க" என்று இடம் போட்டாள்.

"மொத்தம் ஒம்பது பாட்டுண்ணே. எல்லாம் கச்சேரியில அப்பிடியே எடுத்தது" என்று நிஜாம் போனைச் சொருகினான்.

கித்தார் வந்தது. ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு ஓடி, தண்ணீரில் கல்லெறிந்த மாதிரி தத்தித் தத்திப் போயிற்று. அந்தக் கிழவரின் குரல் பந்தலை நிறைத்தது. "என்னப்பா, எழவு வீட்டுல அழுத மாதிரி இருக்கு" என்றார் சோணைமுத்து. "அவிய ஊர்ல அதான் பாட்டு" என்றான் மாரீஸ்வரன், தானே ஸ்பெயினில் பிறந்தவன் மாதிரி. கை தட்டல் தொடங்கியதும் அழகுத்தாயின் விரல்கள் சேலைத் தலைப்புக்குள் அசைந்தன. மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஆறு வருஷமாகியும் மறக்கவில்லை. ஆடுகிற பெண்ணின் காலடி ஸ்பீக்கரில் கேட்டபோது தரையே அதிர்ந்தது. நல்ல பாட்டுத்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

"ஏழாவதுதான் நம்மளது" என்று மாரீஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஏழாவது பாட்டில் கித்தார் வந்தது, நின்றது. மாரீஸ்வரன் கையைத் தூக்கி, "இப்பப் பாருங்க" என்றான். மரப்பெட்டிதான் வந்தது. சரி, அடுத்து வரும் என்று காத்திருந்தார்கள். பெட்டியும் காலடியும் பேசிக்கொண்டன. அவன் அடித்த இடத்திலெல்லாம் அந்தப் பெட்டிக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். மெதுவாக வந்து, வேகத்துக்கு மாறி, மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று ஊசி முனை பிசகாமல் பன்னிரண்டில் போய் நின்றது. பதின்மூன்றாவது அடி இல்லை. தவிலே இல்லை. கை தட்டுகிறவர்களின் தட்டு எங்கேயும் மோதவில்லை.

அப்புறம், எந்தக் காரணமும் இல்லாமல், அந்தச் சுத்தமான தாளத்துக்கு மேலே ஒரு குலவை எழுந்தது.

"மதினி, இது உங்க சத்தம்ல!" என்று காளீஸ்வரி அவள் தொடையில் தட்டினாள். ஸ்பீக்கரில் "ஓலே!" என்றார் கிழவர். கை தட்டல் மழை மாதிரி கொட்டியது. பாட்டு முடிந்தது.

நிஜாம் போனில் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அண்ணே, ஒங்க பேரக் காங்கலியே" என்றான் தயங்கித் தயங்கி. பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று விளக்கினான். "ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக்கு வச்சுத் தனித்தனியாப் பதிவாங்க. வேணாங்கிறத நிப்பாட்டிட்டு, பொறவு வேற ஆள வச்சு வாசிச்சு ஒட்டிக்கிடலாம். சனங்க சத்தத்துக்குன்னு தனி மைக்கு. அது அப்பிடியே கெடக்கும்."

மாரீஸ்வரன் முகம் அவிந்துபோயிற்று. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அழகுத்தாய் தன் விஷயத்தையே மறந்து, எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து அவன் எல்லோரையும் பார்த்துத் திரும்பினான்.

"கேட்டீகளா? நல்லாக் கேட்டுக்கிடுங்க. எம் பதினோரு நிமிசத்தயும் வெட்டிப் போட்டுட்டான். எதுனால? இந்தா நிக்காளே, இவ கொலவையில எந் தவிலு மாட்டிக்கிச்சு. இவ சத்தம் இருக்கு, எஞ் சத்தம் இல்ல. ஆறு வருசமாச் சொன்னேன், சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தீக?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சோணைமுத்து உச்சுக் கொட்டினார்.

தூக்கப் போன கையை அழகுத்தாய் இறக்கிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "கொலவையினால இல்ல. நீங்க அடி தவறுனீக. ரெண்டு போட வேண்டிய எடத்துல மூணு போட்டீக. அத மூடத்தான் நாங் கொலவை போட்டேன்."

மாரீஸ்வரன் சிரித்தான். "ஏட்டி, முப்பது வருசமாத் தவில் சொமக்கேன். எனக்கே தாளம் சொல்லித் தாரியா? ஏலே நிஜாம், இன்னொருக்காப் போடு. எங்க தவறுனேன்னு காட்டச் சொல்லு பாப்போம்."

"வேண்டாம்ணே" என்றான் நிஜாம்.

"போடுலே!"

மறுபடியும் ஏழாவது பாட்டு ஓடியது. எல்லோரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டார்கள். பெட்டியும் காலடியும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு முடிச்சு இல்லை, ஒரு பிசிறு இல்லை. குலவை மட்டும் திடீரென்று நடுவில் வந்து விழுந்தது.

"தாளம் சுத்தமாத்தாம்மா இருக்கு" என்றார் சோணைமுத்து. "நீதான் ஊடால கத்தியிருக்க. போனது போச்சு, புருசனுக்குப் பரிஞ்சு பேசாட்டாலும் பரவால்ல, பழி போடாத." வேல்பாண்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டு பம்பையின் கயிற்றை இழுத்துக் கட்டினான். அவனுக்குத் தெரியும். கோயிலுக்குக் கோயில் பக்கத்திலேயே நின்று அடிக்கிறவனுக்கு மாரீஸ்வரன் கை தவறுவது தெரியாமலா இருக்கும்? ஆனால் செட்டுத் தலைவனைப் பகைத்துக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்தா?

அழகுத்தாய் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். காளீஸ்வரி ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை எங்கேயோ கண் காணாத ஊரில் ஒரு மகராசன் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டான். அவள் குரலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அது இனி உலகம் பூராவும் போகும். எதற்காகக் கத்தினாள் என்பது மட்டும் எந்த ஊருக்கும் போகாது. அழுகை வரவில்லை. காளீஸ்வரி நீட்டிய பூச்சரத்தை வாங்கித் தன் முளைப்பாரியில் சுற்றத் தொடங்கினாள்.

வெயில் தாழ்ந்ததும் முளைப்பாரி புறப்பட்டது. முப்பது நாற்பது பெண்கள் பாரிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அழகுத்தாய் எப்போதும் போல முன்வரிசையில். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் குலவையைத் தூக்கிய பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். தாளத்தைக் கெடுத்தவள் என்று சிரிக்கிறவர்களும் அந்த உரிமையை மட்டும் அவளிடமிருந்து எடுத்ததில்லை.

மாரீஸ்வரன் தவிலை மாட்டிக்கொண்டு நடுவில் வந்தான். இன்றைக்குக் கோபத்தில் நன்றாகவே அடித்தான். சாமியாடி கையில் வேப்பங்குழையோடு மெல்ல அசையத் தொடங்கினார். மேளம் மெதுவாக ஏறியது. ஊரே கை கூப்பி நின்றது. வேகத்துக்கு மாறும் இடம் வந்தது. அழகுத்தாயின் காது விறைத்தது.

ஓர் அடி கூடியது.

வேல்பாண்டியின் பம்பை முன்னால் போய்விட, தவில் பின்னால் விழுந்தது. ஒன்றையொன்று பிடிக்கப் போய் இரண்டும் மோதிக்கொண்டன. சாமியாடி தூக்கின காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாரீஸ்வரன் தலை நிமிர்ந்தான். அவன் கண் மேளத்தின்மேல் போகவில்லை, வேல்பாண்டியிடமும் போகவில்லை. நாற்பது பெண்களுக்கு நடுவே நேராக அவளிடம் வந்து நின்றது. போடு, சீக்கிரம் போடு என்று கெஞ்சியது.

அந்தப் பார்வையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். சென்னையில், மூன்றாவது வரிசையிலிருந்து. அன்றைக்கு அவன் கண்ணில் விளக்கு அடிக்கவில்லை. அவளைத்தான் தேடியிருக்கிறான். அவனுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும், டீக்கடையில் சொன்னபோதும் தெரியும், இன்றைக்கு மூன்று மணிக்கு எல்லோர் முன்னாலும் சிரித்தபோதும் நன்றாகத் தெரியும். பொய்யை நம்பிவிட்டான் பாவம் என்று ஆறு வருஷமாக நினைத்து ஏமாந்தவள் அவள்தான்.

அழகுத்தாய் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தவில் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தது. சேரவில்லை. நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. "என்னய்யா மாரீஸ்வரா?" என்று சோணைமுத்து முன்னால் வந்தார்.

காளீஸ்வரி பதறிப்போய் முழங்கையால் இடித்தாள். "மதினி! கொலவை! கொலவை போடுங்க மதினி!"

அழகுத்தாய் தலையிலிருந்த முளைப்பாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாரீஸ்வரனைப் பார்த்தபடியே, அவனுக்கும் சோணைமுத்துவுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாம் போட்டாத் தாளம் கெட்டுப்போகும், தாயி."